குரல் உதவியிடம் பேசும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அத்தை கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, "மளிகைக் கடைக்கு இருபது வெள்ளி குடுக்கணும், நாளைக்கு ஞாபகப்படுத்து" என்றார். இங்கே ரிங்கிட்டை 'வெள்ளி' என்றுதான் சொல்வோம். கைப்பேசியின் குரல் உதவியோ வெள்ளிக்கிழமை என்று குறித்துக்கொண்டது. உடனே அத்தை குரலை உயர்த்தி, "இ... ரு... பது... வெள்... ளி" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். இந்தக் கருவிகள், மனிதர்கள் இயல்பாகக் கோவையாகப் பேசுவதைக் கேட்டுப் பழக்கப்படுத்தப்பட்டவை. சொல்லை வெட்டினால், ஒவ்வொரு துண்டையும் ஒரு தனிச்சொல்லாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். கத்தினாலும் பயனில்லை, ஒலிதான் சிதையும். அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.

"தமிழெல்லாம் இதுக்குப் புரியாது" என்று முயன்று பார்க்காமலே மலாய்க்குத் தாவுவது இன்னொரு தவறு. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-லேயே தமிழுக்கு வந்துவிட்டது. அதில் 'தமிழ் (மலேசியா)' என்றே ஒரு தெரிவு உண்டு. முதலில் அமைப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பணம், தேதி, மருந்து என்றால் மட்டும், அது என்ன எழுதிக்கொண்டது என்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹாலி பிரானிகனும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் இருக்கும் பொருளுக்கு, எதிர்முனையோடு மாறி மாறிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். எதிர்முனையில் இருப்பது கணினி என்று நம்பியவர்கள், அது சொன்ன அரிய சொல்லையே தாங்களும் அதிகம் சொன்னார்கள். மனிதர் என்று நம்பியபோது அந்த அளவுக்கு இல்லை. பழைய, திறன் குறைந்த கணினி என்று சொன்னபோது இன்னும் கூடுதலாக வளைந்துகொடுத்தார்கள். எதிராளிக்கு விளங்காது என்று தோன்றினால் நம் சொல்லைக் கைவிடுகிறோம். குழந்தையிடம் மழலை பேசுவதுபோல அது பரிவுதான். கருவியோடு முடிந்தால் பரவாயில்லை.

அத்தையும் 'ரிங்கிட்' என்று மாற்றிச் சொன்னார், வேலை முடிந்தது. போன வாரம் சந்தையில் காய்கறிக்காரத் தம்பி, "கத்திரிக்கா நாலு வெள்ளி அத்தை" என்றான். அத்தை ஒரு கணம் நின்று, "நாலு ரிங்கிட்டா?" என்று கேட்டார்.

"தம்பிகிட்ட வெள்ளின்னே சொல்லுங்க அத்தை, அவனுக்குப் புரியும்" என்றேன்.