சைட்டேஷன் நம்பரை மட்டும் பாத்து இம்யூனாலஜி ஆளுங்கள எடை போடாதீங்க

பிஹெச்டிக்கோ போஸ்ட்டாக்குக்கோ லேப் தேடுறவங்கல இருந்து செலக்‌ஷன் கமிட்டில உக்கார்றவங்க வரைக்கும் முதல்ல பண்றது ஒண்ணுதான், பேரை கூகுள் ஸ்காலர்ல போட்டு மொத்த சைட்டேஷன் (அவரோட பேப்பர்கள எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்காங்கங்கிற கணக்கு), எச்-இண்டெக்ஸ் (இது என்னன்னு கீழ சொல்றேன்) ரெண்டையும் பாக்குறது. பாத்துட்டு "ஓ பெரிய ஆளு" இல்லன்னா "ம்ம், சுமார்தான்"னு முடிவு கட்டிடுறாங்க. இம்யூனாலஜில, அதான் உடம்போட நோய் எதிர்ப்பு சக்தியைப் படிக்கிற துறையில, இது நல்லாவே கால வாரிவிடும்.

முதல்ல, ஒருத்தரோட நம்பரை ஸ்காலர்ல எடுத்து இன்னொருத்தரோடத ஸ்கோபஸ்ல (அதுவும் சைட்டேஷன் எண்ணுற ஒரு டேட்டாபேஸ்தான்) எடுத்து ஒப்பிடாதீங்க. ஸ்காலர் பிரீபிரிண்ட் (ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல போடுற பேப்பர்), தீசிஸ், புக் சாப்டர்னு கண்ணுல பட்டதெல்லாம் எண்ணும், ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்க தேர்ந்தெடுத்து சேத்த ஜர்னல்கள வச்சுதான் பெரும்பாலும் எண்ணும், அதனால ஒரே ஆளுக்கு ஸ்காலர்ல வழக்கமா கொஞ்சம் தூக்கலாத்தான் காட்டும்.

எச்-இண்டெக்ஸ் 2005ல ஜார்ஜ் ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் கொண்டுவந்தது. எச் 20ன்னா குறைஞ்சது 20 சைட்டேஷன் வாங்கின பேப்பர் 20 இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். இது ஏறும், இறங்கவே இறங்காது, ஆள் ரிட்டயர் ஆனாலும் ஏறிக்கிட்டே இருக்கும், அதனால அம்பது வயசுக்காரரையும் முப்பத்தஞ்சு வயசுக்காரரையும் இதை வச்சு பக்கத்துல நிறுத்துறது அநியாயம். இன்னொண்ணு, 1975ல கோலரும் மில்ஸ்டைனும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே இலக்கை மட்டும் பிடிக்கிற, ஒரே மாதிரியான ஆன்டிபாடி) செய்யிற வழிய நேச்சர்ல போட்டாங்க, 1984ல நோபல் வந்துச்சு, ஆனா அந்த பேப்பரை எத்தனை ஆயிரம் பேர் சைட் பண்ணாலும் எச் கணக்குல அது வெறும் ஒண்ணு. இப்போ ஆன்டிபாடி யூஸ் பண்ற எவ்வளவோ பேர் அதை சைட் பண்றதே இல்ல. ஆன்டிபாடியை வச்சு ரத்தம் மாதிரி சாம்பிள்ல ஒரு பொருள் இருக்கான்னு பாக்குற எலைசா டெஸ்டும் அப்படித்தான், 1971ல எங்வாலும் பெர்ல்மனும் போட்ட பேப்பரைத் தேடிப்போய் இன்னிக்கு யார் சைட் பண்றா, கிட் கம்பெனி பேரைப் போட்டுட்டு போயிடுறாங்க. ஒரு வேலை ரொம்ப வெற்றியடைஞ்சிட்டா சைட்டேஷன் கிடைக்காம போறதும் உண்டு, இதை எந்த நம்பரும் காட்டாது.

எனக்கு ரொம்ப எரிச்சலா இருக்குறது ரிவ்யூவையும் (மத்தவங்க கண்டுபுடிச்சதத் தொகுத்து எழுதுற கட்டுரை) ஒரிஜினல் பேப்பரையும் ஒண்ணா கூட்டுறதுதான். அறிமுகப் பகுதில ஒரு வரிக்கு ஆதாரம் வேணும்னா பாதிப்பேர் ரிவ்யூவத்தான் சைட் பண்ணுவாங்க, அது வசதி. அதனால ப்ரொஃபைல்ல மேல நிக்கிற அஞ்சு பேப்பர்ல நாலு ரிவ்யூவா இருந்தா அவர் நல்லா எழுதுறார், ஃபீல்டு முழுக்க அவருக்குத் தெரியும்னு எடுத்துக்கலாம், ஆனா அவர் லேப்ல என்ன கண்டுபுடிச்சாங்கன்னு தனியாத்தான் தேடணும். கூடவே ஆத்தர் வரிசையில எங்க இருக்கார்னு பாருங்க. வழக்கமா முதல் பேர் வேலை செஞ்சவர், கடைசி பேர் லேப் தலைவர். நடுவுல இருபதாவது ஆளா இருக்குறது தப்பு இல்ல, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்கள லேசர்ல ஓடவிட்டு வகை பிரிச்சு எண்ணுறது) பண்ணிக் குடுத்திருக்கலாம், நோயாளி சாம்பிள் குடுத்திருக்கலாம், ஆனா அந்த பேப்பரோட ரெண்டாயிரம் சைட்டேஷனும் இவர் கணக்குலயும் முழுசா ஏறுதே, அதான் விஷயம். 2020, 21ல கோவிட் பேப்பர்கள்ல பேர் இருந்தவங்க கிராஃப் திடீர்னு செங்குத்தா நிக்கும், அந்த ஒண்ணு ரெண்டு பேப்பரை எடுத்துட்டு மிச்சத்தைப் பாருங்க.

ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டரை ஆளோட தலையில ஒட்டுறது அடுத்த தப்பு. அது ஒரு ஜர்னல்ல முந்தின ரெண்டு வருஷத்துல வந்த பேப்பர்களுக்கு ஒரு வருஷத்துல கிடைச்ச சைட்டேஷனோட சராசரி, கொஞ்சம் பேப்பர்தான் மொத்த சராசரியையும் இழுத்துட்டுப் போகும், மிச்சம் பலதும் அதுக்குக் கீழதான். சகாகுச்சின்னு ஒரு இம்யூனாலஜிஸ்ட், சிடி25ங்கிற செல் மேல இருக்குற அடையாளத்தை வச்சு ரெகுலேட்டரி டி செல்லை (எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்காம அடக்கி வைக்கிற செல்) காட்டினது 1995ல, நேச்சர்லயும் இல்ல சயின்ஸ்லயும் இல்ல, ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜில. சப்ரெஸர் டி செல்னு, அதான் அடக்கி வைக்கிற டி செல்னு சொன்னாலே ஆளுங்க முகம் சுளிச்ச காலம் அது. 2025ல அவருக்கும் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெலுக்கும் சேத்து நோபல் குடுத்தாங்க. பின்னாடி கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடிப்படையான கரிகோ, வைஸ்மன் பேப்பரும் 2005ல இம்யூனிட்டிங்கிற ஜர்னல்ல வந்தது, ரொம்ப வருஷம் பெருசா யாரும் கண்டுக்கல. 2010ல நீங்க கமிட்டில இருந்து நம்பரை மட்டும் பாத்திருந்தா என்ன முடிவு எடுத்திருப்பீங்கன்னு யோசிங்க.

சைட்டேஷன்னா பாராட்டுன்னும் நினைக்காதீங்க. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியால ஆட்டிசம் வருதுன்னு சந்தேகம் கிளப்பின வேக்ஃபீல்டு பேப்பர் 1998ல லான்செட்ல வந்துச்சு, வெறும் 12 குழந்தைங்கள வச்சு, 2010ல வாபஸ் வாங்கினாங்க, ஆனா "இது பொய்"னு சொல்றதுக்காகவே இன்னும் அதை சைட் பண்ணிட்டு இருக்காங்க. மெஷினுக்குத் திட்டும் ஒண்ணுதான் பாராட்டும் ஒண்ணுதான். சொந்த பேப்பரையே திரும்பத் திரும்ப சைட் பண்றதும் இதுல கலந்திருக்கும், ஓரளவுக்கு அது நியாயம்தான், தன் பழைய வேலைமேலதானே எல்லாரும் கட்டுறாங்க, ஸ்கோபஸ்ல அதை நீக்கிட்டு பாக்க வழி இருக்கு, ஒரு தடவை நீக்கிப் பாத்துடுங்க.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடியே செக் பண்ண வேண்டியது, அந்த ப்ரொஃபைல் அந்த ஆளோடதுதானா. ஒரே குடும்பப்பேர், ஒரே இனிஷியல்னா ஸ்காலர் வேற யாரோ எழுதின பேப்பரையும் இவர் கணக்குல தள்ளிடும், எலும்பு ஆபரேஷன் பேப்பரெல்லாம் இம்யூனாலஜிஸ்ட் பேர்ல நிக்கும். ஆர்கிட் ஐடி இருந்தா, அதான் ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் தனியா குடுக்குற 16 இலக்க நம்பர், அதுல இருக்குற லிஸ்டோட ஒப்பிட்டுட்டு அப்புறமா எண்ண ஆரம்பிங்க.