எண்ணா, எழுத்தா? பைத்தானில் தரவு வகைகளைப் புரிந்துகொள்ளும் முறை

பைத்தான் நிரல்மொழியைக் கற்கத் தொடங்குபவர்களில் பலர் முதலில் எழுதிப் பார்ப்பது, பயனரிடம் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரலைத்தான். 10, 20 என்று கொடுத்தால் 30 வர வேண்டிய இடத்தில் 1020 என்று வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், இன்புட் என்னும் செயற்கூறு அதை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துகளின் கோவையாகவே தருகிறது. கூட்டல் குறியோ எண்களுக்கிடையே வந்தால் கூட்டும், ஸ்ட்ரிங்குகளுக்கிடையே வந்தால் ஒட்டும். ஒரு மதிப்பை என்னென்ன செய்யலாம், செய்தால் என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதே தரவு வகையின் வேலை.

ஆகவே வாங்கிய மதிப்பை இன்ட் கொண்டு முழு எண்ணாக மாற்றிய பிறகே கணக்கிட வேண்டும். பயனர் 12.5 என்று தட்டினால் இன்ட் பிழை காட்டி நின்றுவிடும். அங்கே தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட் தேவை. ஐயம் எழும்போதெல்லாம் மாறியை, அதாவது மதிப்புக்கு நீங்கள் இட்ட பெயரை, டைப் என்னும் செயற்கூற்றிடம் கொடுத்து, வரும் விடையை அச்சிட்டுப் பாருங்கள்.

வகைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ‘இதை வைத்துக் கணக்குப் போடப்போகிறேனா?’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் மேலானது என்பேன். கைபேசி எண்கள் இரண்டை யாரும் கூட்டுவதில்லை. எனவே அது ஸ்ட்ரிங். 00451 என்னும் கணக்கு எண்ணை முழு எண்ணாக மாற்றினால் முன்னிருக்கும் சுழியங்கள் போய் 451 மட்டுமே எஞ்சும்.

ஃப்ளோட்டிடம் கூடுதல் கவனம் வேண்டும். 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவின்றி நீள்வதுபோல, பத்தில் ஒரு பங்கு 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்முறையில் முடிவின்றி நீள்கிறது. கணினி அதை 64 பிட்டுகளுக்குள், அதாவது 64 இரும இலக்கங்களுக்குள், அடக்க ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். எனவே பணத்தை ஃப்ளோட்டில் வைக்காமல், 10.50 ரூபாயை 1050 பைசா என்று முழு எண்ணாக வைப்பது நல்லது.

உண்மை, பொய் என்னும் இரண்டே மதிப்புகள் கொண்ட பூலியன் எளிது. ஆனால் வெற்று ஸ்ட்ரிங்கைத் தவிர வேறெந்த ஸ்ட்ரிங்கையும் பூலியனாக மாற்றினால் உண்மை என்றே வரும்.

தமிழில் நிரல் எழுதுவோருக்கு இன்னொன்று. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 3 என்னாமல் 5 என்னும். ‘மி’யின் கொக்கியையும் ‘ழ்’மேல் உள்ள புள்ளியையும், கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடு தனித்தனிக் குறிகளாக வைத்திருப்பதால், அந்த எண்ணிக்கையை எழுத்துகளின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது.