ஜோர்டானுக்கு வந்த உதவி, பாலஸ்தீன அகதிகளுக்கு வந்த உதவி: இரட்டைக் கணக்கு விழாமல் ஒப்பிடுவது எப்படி?

ஜோர்டான் ஒரு நாடு. பாலஸ்தீன அகதிகளோ ஜோர்டான், லெபனான், சிரியா, மேற்குக் கரை, காசா என ஐந்து இடங்களில் வாழும் மக்கள். இரண்டையும் 'தலைக்கு இத்தனை டாலர்' என்று அருகருகே வைக்கும் பல அட்டவணைகள் ஒரே பணத்தை இரண்டு பக்கமும் எண்ணிவிடுகின்றன. அதைத் தவிர்க்கும் வழி இது.

பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பின் தரவுத் தளமான டேட்டா எக்ஸ்ப்ளோரரில், எந்த நாட்டுக்கு யார் எவ்வளவு உதவி தந்தார்கள் என்று காட்டும் டிஏசி2ஏ அட்டவணையைத் திறந்து, பெறுநராக ஜோர்டான், லெபனான், சிரியா, மேற்குக் கரை-காசா (இது ஒரே வரி) ஆகியவற்றைத் தேர்வு செய்யுங்கள். கொடையாளர் பட்டியலில் இரண்டு போதும்: எல்லாக் கொடையாளர்களின் மொத்தம், அன்ர்வா எனப்படும் ஐ.நா. பாலஸ்தீன அகதிகள் முகமை. விலை அடிப்படையில் நடப்பு விலை (அந்தந்த ஆண்டின் விலை), நிலை விலை (விலைவாசி மாற்றத்தை நீக்கியது) இரண்டில் ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். இரண்டும் இருந்தால் எக்செலின் பைவட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) இரண்டையும் கூட்டி, தொகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். பல ஆண்டுகளை ஒப்பிட நிலை விலைதான் சரி. வடிகட்டிய பிறகே சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். தொகைகள் மில்லியன் டாலரில் இருக்கும். உலக வங்கித் தளத்தில் சரிபார்த்தால் அங்கே முழு டாலர்.

பலர் சறுக்கும் இடம் இனிதான். அன்ர்வாவின் பணம் இரண்டு வழியாகப் பதிவாகிறது. அதன் பொது நிதியிலிருந்து செலவழிப்பது அன்ர்வாவையே கொடையாளராகக் காட்டும். ஒரு நாடு 'இந்தப் பள்ளிக்கு' என்று குறித்துக் கொடுத்தால், அது அந்த நாட்டின் இருதரப்பு (நாட்டுக்கு நாடு தரும்) உதவியாகப் பதிவாகும். அதைப் பிடிக்க ஓஇசிடியின் சிஆர்எஸ் தரவில் (ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வரி உள்ள பட்டியல்) பணத்தை வழங்கும் அமைப்பின் குறியீடு 41130 (அன்ர்வா) என்று வடிகட்ட வேண்டும். இந்த இரண்டையும் கூட்டினால் அகதிகள் பக்கத் தொகை. நாடுகள் அன்ர்வாவின் பொது நிதிக்குத் தரும் வரிகளைச் சேர்க்காதீர்கள். அதே பணம் உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை எண்ணப்படும். மேற்குக் கரை-காசா வரியை முழுதாகச் சேர்ப்பதும் தவறு, அங்கே அகதியாகப் பதியாதவர்களும் வாழ்கிறார்கள்.

கணக்கு புரிய, கற்பனை எண்கள்: ஜோர்டானின் மொத்தம் 1000, அதற்குள் அகதிகளுக்கான பங்கு 150, ஐந்து இடங்களிலும் சேர்த்து அகதிகளுக்கு 700. 1000-ஐயும் 700-ஐயும் ஒப்பிட்டால் அந்த 150 இரு பக்கமும் நிற்கும். ஆகவே 850-க்கு எதிரே 700. ஆனால் 850-ஐ வகுக்கும்போது ஜோர்டானின் மக்கள்தொகையிலிருந்து அகதிகளைக் கழிக்காதீர்கள். அங்கே 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவாகியிருக்கிறார்கள், பெரும்பாலோர் ஜோர்டான் குடிமக்கள்; அரசின் குடிநீரும் சாலையும் அவர்களுக்கும்தான். அவர்களுக்கு இரண்டு தலைக்கணக்கும் ஒன்றோடொன்று கூடுமே தவிர, மோதாது. இதை அட்டவணையின் கீழேயே எழுதிவிடுங்கள்.

வகுக்கும் எண்ணிலும் கவனம் தேவை. லெபனானில் அன்ர்வா பதிவேட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். 2017 கணக்கெடுப்பில் நேரில் எண்ணப்பட்டவர்கள் 1,74,422 பேர். எந்த எண்ணை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்துத் தலைக்கணக்கு இரண்டு மடங்குக்கும் மேல் மாறும். நான் இரண்டையும் போடுவேன்.

பின்சேர்க்கை: டிஏசி2ஏ அட்டவணையின் 'நிகர' தொகையில் ஜோர்டான் திருப்பிக் கட்டிய கடன் அசலும் கழிந்திருக்கும். அன்ர்வா தருவதோ பெரும்பாலும் மானியம். எனவே மானியங்களை மட்டும் எடுத்து இன்னொரு முறை ஒப்பிடுங்கள். செய்தித்தாள் எண்ணோடு பொருந்தவில்லை என்றால் ராணுவ உதவியைப் பாருங்கள்: 2022-இல் அமெரிக்காவும் ஜோர்டானும் ஒப்புக்கொண்ட ஆண்டுக்கு 145 கோடி டாலரில் அதுவும் அடக்கம், ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் கணக்கில் அது வராது.