கருத்துக்கணிப்புக்குக் களம் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் கல்லூரி மாணவர்கள் படிவத்தோடு ஊர் ஊராகக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களோடு தெருவில் நடக்கும்போது, நாங்கள் தொடங்கிய காலத்துத் தவறுகளே திரும்ப நடப்பதைப் பார்க்கிறேன். பெயரைத் தப்பாக எழுதுவது, ஒரு கேள்வியை விட்டுவிடுவது எல்லாம் மாலையிலேயே திருத்தப்பட்டுவிடும். கணிப்பையே கவிழ்க்கிறவை வேறு.

கதவைத் திறந்தவரிடமே கேட்டு முடிப்பது

இன்றும் என்னைக் கோபப்படுத்துவது இதுதான். வாக்காளர் பட்டியலில் சம இடைவெளி விட்டுப் பெயர்களை எடுத்துக் கொடுக்கிறோம். வந்திருப்பது 26 வயதுப் பெண்ணின் பெயர். அவர் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். மாமனார் திண்ணையில் இருக்கிறார், பேசவும் தயார். "ஒரே வீடுதானே" என்று அவரிடமே கேட்டு முடித்துவிடுகிறார்கள்.

கட்சிப் பற்று முதலில் வீட்டில்தான் உருவாகிறது. "தாத்தா காலத்துலேர்ந்து உதயசூரியன்தான்", "எங்க வீடே இரட்டை இலை" என்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அதன் மேல் சாதி, தெரு, வேலையிடம், மகளிர் குழு, கைபேசி என்று பலதும் சேர்கின்றன. கல்யாணமாகி வந்த பெண் பிறந்த வீட்டுப் பற்றோடுதான் வருகிறார். ரேஷன் கடையையும் டாஸ்மாக்கையும் அவர் பார்க்கிற விதம் மாமனாருடையதாக இருக்க வேண்டியதில்லை.

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் படிவங்களைச் சரிபார்க்கப் போயிருந்தேன். பதில் சொன்னவர் பெண் என்று ஒரு படிவத்தில் குறித்திருந்தது. அவரைக் கேட்டால், "எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலையே, அவருதான் பேசிக்கிட்டிருந்தாரு" என்றார். அதே கேள்விகளை அவரிடம் தனியாகக் கேட்டபோது பல பதில்கள் மாறின, ஓட்டு உட்பட.

அப்புறம் வெயிட்டேஜ் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். முடியாது. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். மாதிரியில், அதாவது நாம் பேசத் தேர்ந்தெடுத்தவர்களில், பெண்கள் குறைந்தால், கிடைத்த பெண்களின் பதிலுக்குக் கூடுதல் எடை தருவோம். அந்தப் பதிலே கணவருடையது என்றால், கணக்கு அவர் குரலைத்தான் இன்னும் பெரிதாக்கும்.

மாலையில் திரும்பப் போங்கள், ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். தனியாகப் பேச ஓரிடம் கேளுங்கள். ஓட்டுக் கேள்விக்கு, சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச் சீட்டைக் கொடுத்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். டெல்லியின் லோக்நிதி–சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு அமைப்பின் தேர்தல் ஆய்வுகளில் இந்த முறை உண்டு. பக்கத்தில் யார் நின்றாலும் பதில் பாதுகாப்பாக இருக்கும்.

எண்ணிக்கையைக் கண்டு மயங்குவது

1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களில் 46 அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. பத்திரிகை பெயர்களை எடுத்தது பெரும்பாலும் தொலைபேசி, கார் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல்களிலிருந்து. அதைவிட மிகச் சிறிய மாதிரியோடு, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். முறையாக எடுத்த 1,000 பேர் மாதிரியிலேயே பிழை வரம்பு, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து கூடவோ குறையவோ விலகக்கூடிய அளவு, சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

கேள்வி வரிசையை மாற்றுவது

விலைவாசியைக் கேட்டுவிட்டு உடனே ஆட்சி எப்படி என்று கேட்டால், சிலிண்டர் விலையை நினைத்துக்கொண்டே பதில் வரும். பல விஷயங்களில் மக்களிடம் தயாராக ஒரு கருத்து இருப்பதில்லை. அந்த நேரத்தில் மனதில் மேலே இருப்பதைச் சொல்கிறார்கள். அச்சிட்ட வரிசையிலேயே கேளுங்கள். "தெரியாது" என்பதும் பதில்தான், துருவ வேண்டாம்.

கரைவேட்டி, கட்சி நிறத்தில் சட்டை

வேண்டாம்.

சதவீதத்தை அப்படியே தொகுதியாக்குவது

2016 சட்டமன்றத் தேர்தலில் பல எக்ஸிட் போல்கள் (ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் எடுக்கும் கணிப்புகள்) திமுக வெல்லும் என்றன. அதிமுக 134 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. திமுக அணிக்கு 98. வாக்கில் இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்தது சுமார் 1 சதவீதம்தான். 3 சதவீதம் பிழை உள்ள மாதிரியை வைத்து அந்த இடைவெளியில் வெற்றியாளரை அறிவிக்க முடியாது. "யாருக்கு எத்தனை சீட்?" என்று கேட்டு எத்தனை பேர் நெருக்கினாலும், வாக்கு சதவீதத்தையும் பிழை வரம்பையும் மட்டும் கொடுங்கள்.