“ஒன்றுமே தெரியாதும்மா” என்று சொல்லாதீர்கள்

போன வாரம் சிசேரியனுக்குக் காத்திருந்த பெண்ணிடம் ஒரு புது மயக்க மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். வேலூர் மாவட்டத்தில் இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் பேசியதை ஒரு சொல் மாறாமல் பேசினார். ஊசி பிடிக்கக் கல்லூரியில் கற்றுத்தருவார்கள், அதை விடுகிறேன். வாயால் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

“ஒன்றுமே தெரியாது”

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. நானே சொன்ன பொய் என்பதால் கூடுதலாக.

முதுகில் போடும் ஊசி வலியைத்தான் நிறுத்தும். தொடுவதும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். குடியாத்தத்தில் லுங்கித் தறிக்காரர் வீட்டுப் பெண், தலைப்பிரசவம். ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டேன். குழந்தையை எடுக்க மேல்வயிற்றை அமுக்கியதும் “ஊசி வேலை செய்யவில்லை” என்று அலறினாள். வலியா, அழுத்தமா என்று கேட்கும் நிதானம் எனக்கு இல்லை. முழு மயக்கம் கொடுத்துவிட்டேன். பிள்ளையின் முதல் அழுகையை அறையில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம், அவளைத் தவிர.

மூன்று வருடம் கழித்து அவள் தங்கை வந்தாள். “அக்காவுக்கு முதுகு ஊசி ஏறவில்லை டாக்டர், என்னைத் தூங்க வைத்துவிடுங்கள்.” கர்ப்பிணிக்குத் தொண்டை வீங்கியிருக்கும், மூச்சுக்குழாய் வைப்பது கடினம், முழு மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடலாம். ஊசியை முதலில் சொல்வது அதனால்தான். அவளைச் சம்மதிக்க வைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

இப்போது இப்படிச் சொல்கிறேன்: “ஊசி போட்டதும் கால் சூடாகும், பிறகு கனக்கும். மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவுவது போலத் தெரியும். பிள்ளையை எடுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே ஆள் உட்கார்ந்தது போல அமுக்கும். வலித்தால் உடனே சொல்லுங்கள், மருந்து தருகிறேன்.” பிறகு ஸ்பிரிட் பஞ்சைத் தோளில் வைத்துக் காட்டுவேன், அடுத்து வயிற்றில், மெல்ல மார்பு வரை. தோளில் சில்லென்றது வயிற்றில் சில்லென்று இல்லை என்பதை அவளே கண்டுகொண்டால் பாதிப் பயம் போய்விடும். அதற்குப் பிறகும் வலிக்கிறது என்றால் நம்புங்கள்.

முதுகுவலிக் கேள்விக்குச் சிரிப்பது

ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று பக்கத்துக் கட்டிலில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். நீண்ட நாள் வலி, ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் வருகிறது. சிரிக்காமல் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

தலைவலியைச் சொல்லாமல் விடுவது

முதுகு ஊசிக்குப் பிறகு சிலருக்கு வரும் தலைவலி இது: உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும். முதுகு ஊசியை 1898-இல் ஜெர்மனியில் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பீர், தன் மேலேயே சோதித்துப் பார்த்து இதே தலைவலியோடு படுத்தார். இன்றைய மெல்லிய ஊசிகளால் அபூர்வம்தான். வந்தால் திரும்பி வரச் சொல்லுங்கள்.

கணவரிடம் மட்டும் கையெழுத்து

ஊசி அவருக்கா போடப்போகிறீர்கள்?

“சாப்பிட்டீர்களா?”

நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. இட்லி கணக்கில் வராது. கடைசியாக வாயில் என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவசரமில்லாத சிசேரியனுக்குத் தண்ணீர் என்றால் 2 மணி நேரம், டிபன் என்றால் குறைந்தது 6 மணி நேரம் போக வேண்டும். பால் விட்ட காபி டிபன் பக்கம் சேரும். அந்தத் தங்கையும் சாப்பிடவில்லை என்றுதான் சொன்னாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, பின்னால் நின்ற அவள் அம்மா சொன்னார்: “பாவம் டாக்டர், காலையில் பஸ் ஏறும்போது இரண்டே இரண்டு இட்லி.”