'சிட்' என்றால் உட்காருவது மட்டுமா?

ஆங்கிலச் செய்தியில் 'சிட்' என்று வந்தவுடன் நாற்காலியைத் தேடாதீர்கள். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். நின்றவர் உட்கார்ந்தால் 'சிட் டவுன்'. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால் 'சிட் அப்'. இரவு தூங்காமல் விழித்திருப்பதும் 'சிட் அப்'தான்.

அதிகம் ஏமாற்றுவது 'சிட் ஆன்'. ஒரு குழுவைச் சொல்லி 'சிட் ஆன்' என்றால், அவர் அதில் உறுப்பினர். அதிகாரி உங்கள் விண்ணப்பத்தின் மேல் 'சிட்' செய்கிறார் என்றாலோ, கிடப்பில் போட்டுவிட்டார் என்று பொருள். நம்மவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. கோழி முட்டைகளின் மேல் 'சிட்' செய்தால் அடைகாக்கிறது.

தேர்வு விஷயத்தில் கவனம். 'பரீட்சை எழுதினேன்' என்ற பழக்கத்தில் நாம் 'ரைட்' போடுகிறோம். இந்தியாவில் அது செல்லும். பிரிட்டனில் மாணவர் தேர்வுக்கு 'சிட்' செய்கிறார். அங்குள்ள கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது 'சிட்' அல்லது 'டேக்' என்று எழுதுவதே நல்லது.

'சிட்டிங் எம்.எல்.ஏ.' என்பவர் இப்போது பதவியில் இருப்பவர். 'சிட்-இன்' என்பது உள்ளிருப்புப் போராட்டம். 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவுக் கவுண்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து, எழ மறுத்தது அதில் புகழ்பெற்றது. ஆனால் 'சிட் இன் ஆன்' வேறு: வகுப்பிலோ கூட்டத்திலோ வெறும் பார்வையாளராக இருப்பது.