கொக்கியும் வளைவும்: பள்ளி திறப்பதற்கு முன்

சேலம் அஸ்தம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களும் என்னிடம் துணி கொடுப்பார்கள். ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை சீருடை தவிர வேறு வேலையே இராது. அளவெடுக்கத் தோளைத் தொட்டதுமே தெரிந்துவிடும். பயந்திருக்கும் குழந்தை தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த அளவுக்குத் தைத்தால் சட்டை பொருந்தாது. அதனால் முதலில் பேச்சுக் கொடுப்பேன்.

பக்கத்தில் நிற்கும் அம்மா, "எதற்குப் பயப்படுகிறாய்? எல்லோரும்தானே போகிறார்கள்" என்பார். என் மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது நானும் அதைத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் கால்சட்டையை நனைத்துக்கொண்டு வந்தான். கழிப்பறை எங்கே என்று அவனுக்குத் தெரியும்; இடுப்புக் கொக்கியைத்தான் அவிழ்க்கத் தெரியவில்லை. அதை இறுக்கமாக வைத்துத் தைத்தவள் நான். அதன்பிறகு ஒரு மாதம் காலையானால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வான். கொக்கியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தேன். வலி மெல்ல மெல்லக் குறைந்தது.

அன்றிலிருந்து எந்தப் பெற்றோர் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பயத்துக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பொருளைத் தேடுங்கள். எதிரில் உட்காரவைத்து விசாரித்தால் குழந்தை சொல்லாது. கீரை ஆயும்போதோ, பட்டன்களை நிறம் பிரிக்கும்போதோ, "பள்ளிக்கூடத்தில் எதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது, கண்ணு?" என்று கேளுங்கள். சொன்னதும், "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மறுத்துவிடாதீர்கள். அடுத்ததை அது உங்களிடம் சொல்லவே சொல்லாது.

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி போனபோது மூன்று சொன்னாள். பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வருவாராமே, யார் கோபக்காரர் என்று எப்படித் தெரியும்? ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்த தோழி வேறு பள்ளிக்குப் போகிறாள். மூன்றாவதைச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று: வகுப்பில் திடீரென்று மாதவிடாய் வந்துவிட்டால்?

மூன்றாவதற்கு அன்றிரவே வழி செய்தேன். உள்ளங்கையளவில் ஒரு துணிப்பை தைத்து, நாப்கின் இரண்டும் மாற்று உள்ளாடை ஒன்றும் வைத்து, பள்ளிப் பையின் உள்ளறையில் போட்டேன். நாப்கினை எப்படி வைப்பது, எந்த ஆசிரியையிடம் எந்தச் சொல்லில் கேட்பது என்று இருவரும் பேசிப் பார்த்தோம். பத்து வயதைக் கடந்த பெண் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். தோழியைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு அண்ணா பூங்காவில் சந்திக்க வைத்தேன். அடுத்து எந்த ஞாயிறு என்பதையும் அங்கேயே முடிவு செய்தார்கள். ஆசிரியர்கள் விஷயத்தில் என்னால் செய்ய ஒன்றுமில்லை. "முதல் வாரம் கவனித்துவிட்டு நீயே எனக்குச் சொல்" என்றேன்.

சீருடையைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் மாலையில் வாங்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே வாங்கி, இரண்டு முறை துவைத்து, கஞ்சி விறைப்புப் போன பிறகு ஒரு மாலை முழுக்கப் போட்டுவிடுங்கள். சம்மணமிட்டு உட்காரட்டும், ஓடட்டும், டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடட்டும், கழிப்பறைக்கும் போய்வரட்டும். எது உறுத்துகிறது என்று அப்போது தெரியும். தையல்காரரிடம் திருப்பிக் கொடுக்க நாளும் இருக்கும். சட்டைப்பையின் உட்புறம் குழந்தை கேட்கும் நிற நூலில் பெயர் போட்டுக் கொடுக்கிறேன். வெளியே தெரியாது. விரலால் தடவிக்கொள்ளலாம்.

ஏற்காட்டிலிருந்து ஒரு சிறுமி வந்தாள். நகரத்துப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள், தினமும் பஸ். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. வாந்தி எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்பதுதான் அவள் கவலை. அளவு கொடுக்க, போட்டுப் பார்க்க, வாங்கிப்போக என்று மூன்று தடவையும் பள்ளி நேரத்துப் பஸ்ஸிலேயே வரச் சொன்னேன். முன் இருக்கை, ஜன்னலோரம், வயிற்றில் இரண்டு இட்லி, பார்வை சாலையில். முதல் தடவை வெளுத்த முகத்தோடு வந்தாள். மூன்றாம் தடவை, எத்தனையாவது வளைவில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும் என்று என்னிடம் சொன்னாள்.

தூக்கத்தைப் பத்து நாள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அரசுப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் வீட்டிலேயே சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். அதையும் விடுமுறையிலேயே பழக்குங்கள்.

முதல் நாள் வாசலில் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த மரத்தடியில் நிற்பீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். அந்த ஒரு வாரம் நான் மூன்றரைக்கே கடையைச் சாத்திவிடுவேன். வாரங்கள் கடந்தும் அழுகையும் வயிற்றுவலியும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் "எப்படி இருந்தது?" என்று துளைக்காதீர்கள். ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். என் மகள் தட்டைக் காலி செய்யும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "கணக்கு டீச்சர் கோபக்காரர் இல்லையம்மா, குரல்தான் அப்படி" என்றாள்.